அப்பாயி சொன்ன கடிதம்



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "என்ன பேசணும்?" என்று கேட்டேன். "உங்கள் வாழ்க்கையில் நடந்ததைப் பேசுங்கள். எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்றார்கள். எனக்குப் பெரிய விஷயம் எதுவும் தெரியாது. என் அப்பாயியைத் தெரியும். அப்பாவின் அம்மாவை நாங்கள் அப்பாயி என்றுதான் கூப்பிடுவோம். அவளைப் பற்றிப் பேசுகிறேன்.

நீங்கள் எல்லாரும் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். இது எழுத்தைப் பற்றிய கதையும்தான்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பாயி அங்கே கொழுந்து பறித்தவள். விடிவதற்கு முன் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள். அட்டை கடிக்கும். மழை கொட்டும். மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்புவாள். லயம் என்றால் வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த ஓர் அறையில்தான் அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவர் என் அப்பா. இளையவர் என் சித்தப்பா.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தோட்டத் தமிழர்களுக்காக 1854-ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கியிருந்தது. அப்பாயிக்குத் தன் தாய் வழியில் வந்த நம்பிக்கை அது. வீட்டில் ஒரு பழைய பைபிள் இருந்தது. அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. யாராவது படித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

இலங்கை சுதந்திரம் பெற்றது 1948-இல். அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். பிறகு 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் என்பார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேர். அவர்களை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடு பிரிப்பது போல என்று அப்பா சொல்வார். எனக்கும் வேறு வார்த்தை தோன்றவில்லை.

எண்களாகச் சொன்னால் சுலபமாக இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் அது எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன். அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அந்த மனுவில் அப்பாயி பெயரும் இருந்தது. சித்தப்பா தன் மனைவி வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக்கு மனுப் போட்டார். இரண்டுமே கிடைத்துவிட்டன. ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். இரண்டு நாடு.

1975-இல் நாங்கள் புறப்பட்டோம். எனக்கு வயது ஒன்பது. நானுஓயா ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்திருந்தோம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். ஸ்டேஷன் முழுக்க அழுகை. சித்தப்பா மட்டும் அழவில்லை. தள்ளி நின்றார். அப்பாயி அவருக்காக ரொட்டியும் சம்பலும் இலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஊருக்குப் போகிறவள் அவள்தான். ஆனால் நிற்கிறவனுக்குச் சோறு கட்டி வந்திருந்தாள். அதை நீட்டினாள். சித்தப்பா வாங்கவில்லை.

"ஒனக்கு மூத்தவந்தான் புள்ள. நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க" என்றார்.

கோச்சி வந்துவிட்டது. அப்பாயி அந்தப் பொட்டலத்தை அங்கிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு ஏறினாள். அவர் அதை எடுத்தாரா, நாய் தின்றதா, தெரியவில்லை.

தலைமன்னார் போய், கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில மாதம் இருந்தோம். பிறகு எங்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து கப்பல். போர்ட் பிளேரில் இறங்கி, மறுபடியும் ஒரு கப்பல். 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அங்கிருந்து தெற்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் போனால் கச்சால் தீவு. அது நிக்கோபார் தீவுகளில் ஒன்று. அங்கே அரசு ரப்பர்த் தோட்டம் போட்டிருந்தது. எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள்.

மலையில் பிறந்த அப்பாயி கடலுக்கு நடுவே வந்து விழுந்தாள். அப்பா பால் வெட்டப் போவார். இருட்டோடு போய், மரத்தின் பட்டையைக் கத்தியால் சீவிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது. அப்பாயி ஒட்டுப்பால் பொறுக்குவாள். சிரட்டையிலும் பட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பால் அது. அதன் நாற்றம் கையை விட்டுப் போகாது. "தேயில வாசம் போயி இந்த வாசம் வந்துருச்சு" என்பாள்.

கச்சாலில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். நிக்கோபாரிப் பாட்டி. அவளும் கிறிஸ்தவள். இவளுக்கு நிக்கோபாரி மொழி தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து இந்தி வார்த்தை தெரியும். "பைட்டோ, காவோ" என்று ஒருத்தியை ஒருத்தி உட்கார வைத்துச் சாப்பிட வைப்பார்கள். அந்தப் பாட்டி தாழம்பழத்தை வேக வைத்துப் பிசைந்து கொடுப்பாள். அப்பாயி ரொட்டி கொடுப்பாள். கிறிஸ்துமஸ் ராத்திரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவார்கள். ராகம் ஒன்று, வார்த்தை வேறு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். நிக்கோபார் மக்கள் கூடிப் பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நான் மிகைப்படுத்தவில்லை.

இந்த நிக்கோபார் மக்களுக்கு எழுத்து வந்த கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். வேதப்பன் சாலமன் என்று பெயர். 1890-களில் கார் நிக்கோபார் தீவுக்கு வந்தார். மூஸ் என்ற ஊரில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் படித்த ஒரு பையன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். அவரும் நிக்கோபாரிதான். பர்மாவில் படித்துவிட்டுத் தன் தீவுக்கே திரும்பி வந்தார். தன் மொழிக்கு அரிச்சுவடி எழுதினார். புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் எழுதினார். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் இந்தத் தீவுகளுக்காக நியமிக்கப்பட்ட உறுப்பினரும் அவர்தான். 1978-இல் காலமானார். அப்பாயிக்கு இந்தக் கதையை யாரோ சொல்லியிருந்தார்கள். "பாத்தியா, நம்ம ஆளு ஒருத்தரு அனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததுதான்" என்று பெருமையாகச் சொல்வாள். அவளுக்கே அனா ஆவன்னா தெரியாது என்பதை மறந்துவிடுவாள்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன்.

மாதச் சம்பளம் வந்த மறுநாள் அப்பாயி என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். நான் இலங்கையில் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

யாருக்குக் கடிதம்? "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க" என்றாரே, அந்தச் சித்தப்பாவுக்கு.

என்ன எழுதச் சொல்வாள் தெரியுமா? சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இங்கே மழை. கோழி ஆறு குஞ்சு பொரித்தது. உன் அண்ணனுக்குக் காய்ச்சல், இப்போது தேவலாம். உன் மகள் நடக்கிறாளா? பல் முளைத்துவிட்டதா? நீ இருமிக்கொண்டிருந்தாயே, சுக்கு போட்டுக் குடி. கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி. "சாப்பிட்டியா?"

கடிதத்தில் போய் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்களா? இந்தக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறாய் என்று நான் சிரிப்பேன். "எழுதுடி" என்பாள். எழுதுவேன். அடியில் அவள் கைநாட்டு வைப்பாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, உறைக்கும் தபால் தலைக்கும் காசு கொடுப்பாள். நான் தபாலாபீசுக்கு ஓடுவேன். கப்பல் வந்தால்தான் தபால் போகும்.

மாதம் ஒன்று. இப்படி முப்பது கடிதத்துக்கு மேல் போனது. ஒரு பதிலும் வரவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வரும். "அவந்தான் வேணாங்குறானே. ஏன் காசக் கரியாக்குற?" என்பார். அப்பாயி எதிர்த்துப் பேச மாட்டாள். மறு மாதமும் என்னைக் கூப்பிடுவாள்.

1978-ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. கடையில் சிவப்பு ரிப்பன் வந்திருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதம் அப்பாயி கொடுத்த காசில் ரிப்பன் வாங்கினேன். எப்படியும் பதில் வரப்போவதில்லை. கடிதம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? என் புத்தி அப்படிப் போனது. எழுதின தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. சமையல் கட்டின் கூரை ஓலைக்குள் செருகி வைத்தேன். ரிப்பனை ஒரு சிநேகிதி கொடுத்தாள் என்று சொன்னேன்.

அடுத்த மாதமும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த மாதமும் செய்தேன். ஒருமுறை பொய் சொன்னால் அடுத்த முறை நாக்கு தானாகவே புரளும்.

அப்பாயி ஒவ்வொரு கப்பலுக்கும் வாசலில் வந்து நிற்பாள். "ஏதாவது வந்துச்சா?" என்று தபால்காரரைக் கேட்பாள். மூன்று ஆண்டாகக் கேட்ட அதே கேள்வி. ஆனால் அந்த மூன்று மாதம் அதைக் கேட்க எனக்கு உள்ளே என்னவோ செய்தது. ரிப்பன் மட்டும் தலையில் இருந்தது.

பிறகு ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. இலங்கைத் தபால் தலை. சித்தப்பாவின் கையெழுத்து.

அப்பாயி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். ஒரு பழக்கம் உண்டு அவளுக்கு. நான் பைபிள் படித்தாலும் சரி, எதைப் படித்தாலும் சரி, நான் படிக்கிற வரிக்குக் கீழே அவள் விரல் கூடவே வரும். எழுத்து தெரியாது. ஆனால் வரி தெரியும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வருவது தெரியும்.

நான் படிக்க ஆரம்பித்தேன். அன்புள்ள அம்மாவுக்கு. இங்கே எல்லாரும் சுகம். அடுத்த வரியைக் கண் பார்த்தது. வாய் படிக்கவில்லை. மூன்று மாதமாக உன் கடிதம் வரவில்லை, உனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா, எனக்குத் தூக்கம் வரவில்லை என்று அங்கே இருந்தது.

அந்த வரியைத் தாண்டி அடுத்த வரியைப் படித்தேன். அப்பாயியின் விரல் பழைய வரியிலேயே நின்றது.

"இத வுட்டுட்டியே" என்றாள்.

நான் பேசவில்லை. அவள் விரலை எடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் போனதோ. நான் அழ ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்பனைச் சொன்னேன். கூரையைச் சொன்னேன். ஏணி போட்டு ஏறி, மூன்று தாளையும் எடுத்து வந்து அவள் மடியில் போட்டேன். புகை ஏறிப் பழுப்பாகி இருந்தன. ஒன்றை ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து நீவினாள். முந்தானையால் புகைக்கரியைத் துடைத்தாள். பிறகு, "அந்த வரியப் படி" என்றாள். விக்கி விக்கிப் படித்தேன். "இன்னொருக்கா படி" என்றாள். படித்தேன். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எனக்காகவா, அந்த வரிக்காகவா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"சரி, மூக்கத் தொட. தாளு எடு. எழுது" என்றாள்.

நான்காவது கடிதத்தை எழுதினேன். என் திருட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாமதம் ஆகிவிட்டது, மூன்று மாதக் கடிதமும் சேர்த்து வருகிறது என்று மட்டும் சொன்னாள். வழக்கம் போலச் "சாப்பிட்டியா?" என்று முடித்தாள். நான்கு தாளையும் ஒன்றாக மடித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசை எடுத்து என் கையில் வைத்தாள்.

என் கையில். அதே கையில்.

அப்பா வீட்டில்தான் இருந்தார். அவரிடம் கொடுத்திருக்கலாம். என் கூட வந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. "போட்டுட்டு வா" என்றாள். நான் தபாலாபீசுக்கு ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை.

அன்று ராத்திரி படுக்கையில் அவள் ஒரு கதை சொன்னாள். லூக்கா எழுதின சுவிசேஷத்தில் 15-ஆம் அதிகாரத்தில் வருகிற கதை. இயேசு சொன்னது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஓர் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியூர் போய் எல்லாவற்றையும் அழிக்கிறான். பன்றி மேய்க்கிற நிலைக்கு வருகிறான். பசி தாங்காமல் வீட்டுக்குத் திரும்புகிறான். அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியிலேயே யோசித்து வைக்கிறான். என்னை மகனாக வைக்க வேண்டாம், வேலைக்காரனாக வைத்துக்கொள் என்று கேட்க நினைக்கிறான்.

அப்பாயி இந்த இடத்தில் என்னைக் கேட்டாள். "அவன் நெனச்சு வச்சிருந்தத முழுசாச் சொன்னானா?"

நான் சொன்னான் என்றேன். "இல்ல. நாளைக்கிப் படிச்சுப் பாரு" என்றாள்.

மறுநாள் படித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பா தூரத்திலேயே அவனைப் பார்த்துவிடுகிறார். ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் மகன் வாயைத் திறக்கிறான். தான் மகன் என்று சொல்லத் தகுதி இல்லாதவன் என்கிறான். வேலைக்காரனாக வைத்துக்கொள் என்பதைச் சொல்லவே இல்லை. அதற்குள் அப்பா உயர்ந்த துணிக்கும் விருந்துக்கும் ஆள் அனுப்பிவிடுகிறார். படிக்கத் தெரிந்த நான் அதைக் கவனித்ததில்லை. காதால் மட்டும் கேட்ட அவள் கவனித்திருந்தாள்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் இந்தக் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். சின்னக் கதைதான்.

சித்தப்பாவின் பதில் அடுத்த கப்பலுக்கு அடுத்த கப்பலில் வந்தது. "மூன்றும் கிடைத்தன. சாப்பிட்டேன்" என்று ஆரம்பித்திருந்தார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் எழுதினார். 1983 ஜூலையில் இலங்கையில் கலவரம் நடந்தபோது பல வாரம் கடிதம் நின்றுபோனது. அப்பாயி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. ஆனால் தாயும் மகனும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. கப்பலுக்குக் காசு, பாஸ்போர்ட், விசா. அதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எளிதா?

நான் பெரியவளான பிறகு பைபிளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள். அவற்றில் 21 நூல்கள் கடிதங்கள். பெரிய தத்துவ நூல் என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் யாரோ யாருக்கோ எழுதின கடிதம்! பவுல் எழுதின கடிதங்கள்தான் அதிகம். அவரும் சில கடிதங்களை வாயால் சொல்லி வேறு ஆளை எழுத வைத்தார். ரோமாபுரிச் சபைக்குப் போன கடிதத்தை எழுதியவன் பெயர் தெர்தியு. கடைசி அதிகாரத்தில் அவனே தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறான். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு தெர்தியுதானே! தெர்தியு தபால் காசைத் திருடியிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

பவுல் தீமோத்தேயு என்ற இளைஞனுக்கும் எழுதினார். அவனுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்தில் அவனுடைய பாட்டியைப் பெயர் சொல்லி நினைக்கிறார். லோவிசாள் என்பது அவள் பெயர். அவளைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இருந்த விசுவாசம் மகளுக்கு வந்து, பேரனுக்கும் வந்தது என்பது மட்டும்தான். ஒரே ஒரு வரி. அவள் பேரனுக்கு என்ன சமைத்துக் கொடுத்தாள், அவன் பொய் சொன்னபோது என்ன செய்தாள், அதெல்லாம் எழுதப்படவில்லை. பாட்டிமாரின் கதை பெரும்பாலும் அப்படித்தான் போய்விடுகிறது.

1988-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை போர்ட் பிளேரில். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பாயிக்கு மட்டும் ஒரு கவலை. "இனி யாரு எழுதுவா?" என்றாள். என் தம்பி எழுதுவான் என்றேன். "அவன் கை கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு வார்த்த மட்டும் சொல்லிக் குடு" என்றாள்.

எந்த வார்த்தை என்று கேட்டேன்.

"அம்மா."

அவளுக்கு அப்போது எழுபது வயது ஆகப் போகிறது. நாட்டில் முதியோர் கல்விக்கென்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியதும் அதே 1988-ஆம் ஆண்டுதான். அது அவளுக்குத் தெரியாது. அவள் இயக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. மணலில் எழுதிக் காட்டினேன். அ. ம். மா. மூன்று எழுத்து. உங்களுக்குத் தெரியும், 'அ' எவ்வளவு கஷ்டம் என்று. அந்தச் சுழி வராது. கொழுந்து கிள்ளின விரலுக்குப் பென்சில் பிடிபடாது. 'ம்'-இல் புள்ளி வைக்க மறந்துவிடுவாள். 'அமமா' என்று வரும். இருபது நாள் ஆயிற்று.

கல்யாணத்துக்கு முன் நான் எழுதின கடைசிக் கடிதத்தில் கைநாட்டு இல்லை. அந்த இடத்தில் அவளே எழுதினாள். பெரிய பெரிய எழுத்து. பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டது. பவுலும் கலாத்தியருக்கு எழுதின கடிதத்தின் முடிவில், தன் கையால் எவ்வளவு பெரிய எழுத்தாக எழுதுகிறேன் பாருங்கள் என்கிற பொருளில் சொல்கிறார். பெரிய எழுத்தாக எழுத வெட்கப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் பவுல் இருக்கிறார், என் அப்பாயி இருக்கிறாள்.

அப்பாயி 1994-இல் இறந்தாள். கச்சாலில் கடற்கரை ஓரத்தில் இருந்த கல்லறையில் அடக்கம் செய்தோம். நிக்கோபாரிப் பாட்டியின் வீட்டார் எல்லாரும் வந்து நின்று பாடினார்கள். அந்தப் பாட்டி இளநீர் ஒன்றைக் கொண்டு வந்து மண்மேட்டில் வைத்தாள்.

பிறகு 2004. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்தத் தீவுகளில் யாருக்கும் அந்த நாளைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. கச்சாலில்தான் சாவு மிக அதிகம். என் தம்பி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிப் பிழைத்தான். நிக்கோபாரிப் பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அவள் வீட்டாரில் பலரைக் கடல் கொண்டுபோனது. அன்றைய பூகம்பத்தில் நிக்கோபார் தீவுகளின் நிலமே தாழ்ந்துவிட்டது. தெற்கே இந்திரா முனையில் கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. எங்கள் கல்லறையும் கடலுக்குள் போனது. வீடு போனது. துணியில் சுற்றி வைத்திருந்த பைபிள் போனது. சித்தப்பா எழுதின கடிதங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டியும் போனது. அப்பாயியின் ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. கும்பிட ஒரு கல்லும் இல்லை.

2006-இல் எனக்கு இலங்கையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சித்தப்பாவின் மகள் அனுப்பியிருந்தாள். பல் முளைத்துவிட்டதா என்று அப்பாயி கேட்டாளே, அந்தப் பிள்ளைதான். சித்தப்பா இறந்துவிட்டார், அவர் பெட்டியில் இவை இருந்தன, உங்களிடம் பாட்டியின் ஞாபகமாக ஒன்றும் இல்லை என்று கேள்விப்பட்டோம் என்று எழுதியிருந்தாள்.

பிரித்தேன். அப்பாயி சொன்ன கடிதங்கள். இருநூறுக்கு மேல். தேதி வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தார். பதில் போடாமல் இருந்த அந்த மூன்று ஆண்டுக் கடிதங்களும் இருந்தன. ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. மேலே என் சின்ன வயதுக் கையெழுத்து. கீழே போகப் போகத் தம்பியின் கோழிக் கிண்டல். அதன் அடியில் பெரிதாக 'அம்மா'. சிலவற்றில் புள்ளி இல்லை.

1978-ஆம் ஆண்டுக் கட்டில் அந்த மூன்று பழுப்புத் தாளும் இருந்தன.

இங்கேதான் நான் அப்பாயியிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம், இந்தக் கடிதம் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும் அல்லவா? அதனால் பாதிக்கு மேல் நான் எழுதவே இல்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பேனாவை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெறும் கிறுக்கல். வளைவு வளைவாக, வரி வரியாக. விளையாட அவசரம் எனக்கு. அன்று அவள் வழக்கத்தை விட நிறையச் சொன்னாள். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னாள் என்பது ஞாபகம் இல்லை.

அந்தத் தாளைத்தான் அவள் நீவி, கரி துடைத்து, மற்றவற்றோடு மடித்து அனுப்பினாள். சித்தப்பா அதைப் பிரித்துப் பார்த்திருப்பார். நாலு வரி எழுத்து, அதற்குக் கீழே கிறுக்கல், அடியில் தாயின் கைநாட்டு. எழுதியவள் என்ன செய்திருக்கிறாள் என்று புரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அவருடைய பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறவளும் நான்தான் என்று அவருக்குத் தெரியும். மூன்றும் கிடைத்தன என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தாளை இன்று எடுத்து வந்திருக்கிறேன். பேசி முடித்ததும் காட்டுகிறேன். மேலே இருக்கிற நாலு வரியை நீங்களே கூட்டிப் படித்துவிடலாம். அதற்குக் கீழே இருப்பதை என்னாலும் படிக்க முடியாது.